பொருந்தாத் தாங்கி

தமிழ்ச் சிறப்பு வகுப்பில் பயிலும் மாணவன் ஒருவன், லாரியின் பவர் ஸ்டியரிங் பம்பைத் தாங்கும் பிராக்கெட்டைப் பற்றிக் கட்டுரை வரையப் புகுந்தான் எனின் அன்பர் சிலர் நகைப்பர் என்பதை யான் அறியாதவன் அல்லேன். காப்பிய நயமோ இலக்கண ஆராய்ச்சியோ எழுதுதலே என் போன்றார்க்கு இம்மலரில் வழக்கம். ஆயினும் சென்ற கோடை விடுமுறையில் நெய்வேலி நகரியத்தை அடுத்த மந்தாரக்குப்பத்தில் என் தாய்மாமன் இல்லத்தில் தங்கியிருந்தபோது, ஏழு மில்லிமீட்டர் அளவினதாகிய ஒரு வேறுபாடு ஒரு குடும்பத்தின் பிழைப்பையும் வழிச்செல்வோர் உயிரையும் ஊசலாட்டியதைக் கண்ணாரக் கண்டேன். கண்டதையும், பின்னர்க் கேட்டும் கற்றும் தெளிந்ததையும் இங்குக் கூறுவல். லாரி வைத்துப் பிழைக்கும் வீட்டு மாணவர் நம் கல்லூரியில் பலர் உளர். அவர்க்கேனும் இது பயன்படும்.

நெய்வேலி, பொருந்தாப் பொருளைப் பொருத்திப் பொருத்தியே வளர்ந்த ஊர் என்னலாம். 1956ஆம் ஆண்டில் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் நிறுவப்பெற்றது. 1957இல் சுரங்க வேலை தொடங்கிற்று. பழுப்பு நிலக்கரிப் படுகை 1961இல் வெளிப்பட்டது. மேல்மண்ணை அகழ்வதற்கு ஜெர்மனி தேயத்திலிருந்து வாளிச் சக்கர அகழ்பொறிகள் வந்தன. அவ்வகைப் பொறிகள் தம் நாட்டில் மென்மையான மண்ணை வாரிப் பழகியவை. இங்கோ, கடலூர் மணற்கல் எனப்படும் வன்மையும் அரிக்குந் தன்மையும் உடைய பாறை. வாளியின் பற்கள் விரைவில் தேய்ந்தன. பின்னர்ப் பாறையை வெடிவைத்து நெகிழச் செய்தும், பற்களையும் வாளிகளையும் இந்நிலத்திற்கு ஏற்ப மாற்றியுமே வேலை நடந்தது. அன்றியும், கரிப்படுகைக்குக் கீழுள்ள ஊற்றுநீர் மேல்நோக்கி அழுத்துதலால், அந்நீரை இரவும் பகலும் ஓயாது இறைத்தாலன்றிச் சுரங்கத்தின் தரை நில்லாது. இவ்வாறு பொறியை நிலத்திற்கும் நிலத்தைப் பொறிக்கும் இயைவித்த கைகள் இவ்வூரில் பல. அவற்றுள் ஓரிணைக் கைகளே மாமாவின் லாரியையும் காத்தன.

பழுது இன்னதென உணர்வதற்குமுன் பவர் ஸ்டியரிங் இயங்கும் முறையை அறிதல் வேண்டும். பெருங் கப்பலையும் சிறு சுக்கான் திருப்புகின்றது என்னும் உவமையை யாக்கோபு நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் நாம் படித்திருக்கின்றோம். லாரியிலும் அஃதே. ஆனால் பாரம் ஏற்றிய லாரியின் முன் அச்சின்மேல் பல டன் எடை அமர்ந்திருக்கும்போது, அச்சக்கரங்களை நின்ற நிலையில் திருப்புதற்கு மனிதன் தோள்வலி போதாது. பழைய லாரிகளில் ஸ்டியரிங் சக்கரத்தைப் பெரிதாக்கியும், பற்சக்கர விகிதத்தைக் கூட்டியும் அவ்வலியைப் பெருக்கினர். ஆயினும் நாள் முழுதும் ஓட்டியவர்க்குத் தோள் இற்றுப்போகும்.

எண்ணெயின் அழுத்தத்தைத் துணையாகக் கொள்ளும் வழியை அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் டேவிஸ் என்பார் 1926ஆம் ஆண்டில் ஒரு மோட்டார் வண்டியில் அமைத்து ஓட்டிக் காட்டினார். விற்பனைக்கு வந்த கார்களில் அஃது இடம்பெற்றது 1951இல்தான். கிரைஸ்லர் கம்பெனியார் முதலில் அளித்தனர். தத்துவம் எளியது. எஞ்சினின் சுழற்சியைப் பெல்ட்டின் வழியே பெற்று ஒரு பம்பு சுழலும். அதனுள் ஓர் உருளை. உருளையின் பிளவுகளில் மெல்லிய தகடுகள். உருளை சுழல, தகடுகள் வெளியே வீசப்பட்டு முட்டைவடிவான வளையத்தைத் தடவிக்கொண்டே எண்ணெயைத் தள்ளும். ஓட்டுநர் சக்கரத்தைத் திருப்புங்கால், ஸ்டியரிங் பெட்டியினுள் உள்ள ஒரு மெல்லிய முறுக்குத் தண்டு சிறிதே முறுகும். அம்முறுக்கு ஒரு வால்வைத் திறக்கும். எண்ணெய் பிஸ்டனின் ஒரு பக்கத்தை அழுத்தித் திருப்புதற்கு உதவும். லாரி டயரின் காற்றழுத்தம் ஏழெட்டுப் பார் அளவினது. இப்பம்பு வேண்டும்போது எழுப்பும் அழுத்தமோ நூறு பாரையும் கடப்பது. இத்துணை வலியையும் தாங்கி நிற்பன ஒரு பெல்ட்டும் ஒரு பிராக்கெட்டுமே.

பெல்ட்டு அறுந்தால் வண்டி அறவே திரும்பாது என்று பலர் எண்ணுகின்றனர். அது பிழை. இரும்புத் தண்டுகளின் தொடர்பு அறுவதில்லை. உதவி மட்டுமே அறும். ஆனால் இலேசாகத் திருப்பிப் பழகிய கை, ஒரு திருப்பத்தின் நடுவே திடுமெனப் பாறைபோலக் கனக்கும் சக்கரத்தை எதிர்பாராது. ஆபத்து அவ்விடத்திலேதான்.

இனி நிகழ்ந்ததைக் கூறுகின்றேன். மாமாவின் லாரி பழையது. அனல்மின் நிலையச் சாம்பலாற் செய்த செங்கற்களைச் சூளையிலிருந்து வீடு கட்டுமிடங்கட்கு ஏற்றிச் செல்வது. அதன் பம்பின் பேரிங் தேய்ந்து ஓலமிடவே, புதியதொன்று தேடினார். அம்மாதிரிப் பம்பு இப்போது வருவதில்லை என்று சொல்லி, அதே கம்பெனியின் பிந்திய மாதிரிக்குரிய பம்பையும், அதற்கென்றே அமைந்த பிராக்கெட்டையும் (இது பழையது, பிறிதொரு வண்டியினின்று கழற்றியது) ஒரு கடைக்காரர் கொடுத்தார். எஞ்சினின் முகப்பில் மூன்று போல்ட் துளைகள். பிராக்கெட்டிலும் மூன்று துளைகள். துளைக்குத் துளை நேராக அமைந்தது. ஆகலின் பொருந்திற்று என்றே அனைவரும் கொண்டனர்.

முதல்நாளே பெல்ட்டு கீச்சிட்டது, சிறப்பாக ஸ்டியரிங்கை முழுதும் ஒருபுறம் ஒடிக்கும்போது. பெல்ட்டு தளர்ந்தது போலும் என்று மெக்கானிக் மேலும் இழுத்துக் கட்டினார். ஓசை குறைந்தது, ஆனால் பம்பின் முன்புறம் கைவைக்க ஒண்ணாதபடி சுட்டது. பானெட்டின் அடியில் கரிய ரப்பர்த் தூள் படிந்தது. பெல்ட்டின் ஒரு பக்கச் சுவர் மட்டும் கண்ணாடிபோல் மின்னிற்று. இவ்விரண்டும் கண்டபொழுதே உண்மை விளங்கியிருத்தல் வேண்டும்; விளங்கவில்லை. புல்லி உள்ளே தள்ளியிருக்கின்றது என்பதைக் கண்ணளவாற் கண்ட மெக்கானிக், ஒவ்வொரு போல்ட்டிலும் நான்கைந்து வாஷர்களை அடுக்கிப் பிராக்கெட்டை முன்னுக்குக் கொணர்ந்தார். இரண்டு நடை நன்றாகப் போயிற்று.

மூன்றாம் நடை, ஆர்ச் கேட் அருகில் வளையும்போது பெல்ட்டு கழன்று விழுந்தது. யான் அவரருகில் அமர்ந்திருந்தேன். மாமா இரு கைகளாலும் சக்கரத்தைப் பற்றி, உடல் முழுவதையும் அதன்மேற் சாய்த்துத் திருப்பினார். அவர் கழுத்து நரம்புகள் புடைத்தன. எதிரே பிரயாணிகளை இறக்கிக்கொண்டு நின்ற பேருந்திற்கும் எங்கள் பம்பருக்கும் இடையே ஒரு சைக்கிள் புகும் அளவே இருந்தது. வண்டியை ஓரங்கட்டிய பின்னர் அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "தம்பி, உன் அத்தையிடம் இதைச் சொல்லாதே" என்றார். கடன் தவணை கட்டும் நாள் நெருங்கியிருந்தது. ஆகலின் வண்டியை நிறுத்தி வைத்தலும் இயலாது.

சுரங்கப் பட்டறையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கின்றார். மாமா அவரை ஐயா என்றே அழைப்பார். அவர் வந்ததும் ஸ்பேனரைத் தொடவில்லை. கழன்று கிடந்த பெல்ட்டை எடுத்து வெயிலிற் பிடித்து இருபுறமும் பார்த்தார். பின், "துளை சேர்ந்தால் போதுமா? ஓடுகிற தளம் சேர வேண்டாமா?" என்றார். எட்டு நாள் துன்பத்தின் காரணம் அவ்வொரு வினாவில் அடங்கிற்று.

வி வடிவப் பெல்ட்டு புல்லிப் பள்ளத்தின் அடியில் அமர்ந்து இழுப்பதன்று. இரு பக்கச் சுவர்களில் ஆப்புப்போல் இறுகி இழுப்பது. பள்ளத்தின் கோணம் 38 பாகையாயின், அவ்விறுக்கத்தால் பிடிப்பு தட்டையான பெல்ட்டைக் காட்டிலும் ஏறக்குறைய மும்மடங்காகும். ஆனால் பெல்ட்டு நேராக ஓடினாலன்றி இரு சுவர்களும் ஒப்பப் பற்றா. ஒரு புல்லி முன்னும் மற்றொன்று பின்னும் நின்றால், பெல்ட்டு பள்ளத்துள் நுழையுந்தோறும் ஒரு சுவரை உரசியே நுழையும். அவ்வுரசலே கீச்சொலி, அதன் சாம்பலே கரிய தூள். பொதுவாக இச்சாய்வு அரைப் பாகைக்கு மேற்படலாகாது என்பர். எங்கள் லாரியில் கிராங்க் புல்லிக்கும் பம்பு புல்லிக்கும் நடுவிடத் தொலைவு 300 மி.மீ. அத்தொலைவில் அரைப் பாகை என்பது ஏறக்குறைய 2.6 மி.மீ.

அளக்கும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. நேரான இரும்புச் சட்டம் ஒன்றைக் கிராங்க் புல்லியின் முகத்தில் வைத்துப் பம்பு புல்லிவரை நீட்டி யான் அளந்தேன், 9 மி.மீ. என்று வந்தது. அவர் நகைத்து, "முகத்தை அளக்காதே, தம்பி, பள்ளத்தை அள" என்றார். புல்லிகளின் விளிம்புக் கனம் ஒன்றுபோல் இராது. பள்ளத்தின் நடுவிலிருந்து நடுவிற்கு அளந்தபோது வேறுபாடு 7 மி.மீ.யே. அஃதாவது, சாய்வு ஒரு பாகையும் மூன்றில் ஒரு பங்கும். பொறுக்கத்தக்க அளவினும் இருமடங்கிற்கு மேல்! என் அளவையின்படி தகடு செய்திருந்தால் புல்லி 2 மி.மீ. மறுபுறம் தள்ளியிருக்கும்.

பம்பு புல்லி எஞ்சின் பக்கமாகப் பின்னிட்டு நின்றமையால், எஞ்சினுக்கும் பிராக்கெட்டுக்கும் இடையே 7 மி.மீ. கனமுள்ள இரும்புத் தகட்டைப் புகுத்தலே தக்க வழியாயிற்று. முன்னிட்டு நின்றிருந்தால் இவ்வழி உதவாது. பிராக்கெட்டின் முதுகையே லேத்திற் சீவவேண்டும். புல்லியைத் தண்டின்மீது சுத்தியால் அடித்து முன்பின் நகர்த்துவோரும் உளர். அவ்வடி நேரே பம்பின் உள்ளுறுப்புகளைத் தாக்கும். அதற்கென உள்ள இழுவைக் கருவியாலன்றிப் புல்லியைத் தொடலாகாது.

வாஷர் அடுக்கு ஏன் தோற்றது? வாஷர்கள் பெரும்பாலும் தட்டையாக வெட்டப்படுவன அல்ல. விளிம்பில் பிசிறும் நடுவில் வளைவும் இருக்கும். நான்கைந்து சேர்ந்தால் வில்போல் அமுங்கும். எஞ்சினின் அதிர்வில் அமுங்க அமுங்கப் போல்ட்டின் இறுக்கம் குறையும். மேலும், மூன்று தனித்தனி அடுக்குகள் மூன்று கால்கள்மேல் நிற்கும் முக்காலி போல்வன. ஒரு கால் குட்டையாயின் அனைத்தும் சாயும். ஒரே தகட்டில் மூன்று துளையிட்டால் தாங்குமிடம் முழுவதும் ஒருங்கே பற்றும். இதனால் லேத்துப் பட்டறையில் மென்னெஃகுத் தகடொன்று சீவுவித்தோம். இருமுகமும் இணையாக இருத்தல் வேண்டும் என்று முதியவர் நால்மூலையும் கனம் பார்த்தார்.

இவ்விடத்தில் இலக்கண மாணவனாகிய எனக்கு ஒன்று தோன்றிற்று, பேராசிரியர்கள் பொறுத்தருள்க. இரு சொற்கள் புணருங்கால் இயல்பாகவும் புணரும், விகாரப்பட்டும் புணரும். விகாரம் மூன்று என்பது நன்னூலார் கொள்கை. பலாச்சுளை என்புழிச் சகரம் தோன்றிற்று. பொற்றகடு என்புழி னகரம் திரிந்தது. மரவேர் என்புழி மகரம் கெட்டது. பட்டறையிலும் பொருந்தாத இரண்டைப் பொருத்தற்கு இம்மூன்றே வழி: இடையில் ஒன்றைத் தோற்றுவித்தல், ஒன்றை வளைத்துத் திரித்தல், மிக்கதைச் சீவிக் கெடுத்தல். இதனை முதியவரிடம் கூறினேன். "திரிக்கிறதை மட்டும் எழுத்தோடு வைத்துக்கொள், தம்பி" என்றார். வார்ப்பிரும்புப் பிராக்கெட்டைக் காய்ச்சி வளைத்தால் விரியும். தக்கவாறு சூடேற்றாமல் வெல்டிங் செய்தாலோ, வெல்டிங் நிற்கும், அதன் அருகில் உள்ள இரும்பு பிளக்கும். துளைகளை நீள்துளைகளாக அராவுதலும் அத்தகையதே. அராவிய அளவு காது மெலியும். அதிர்வில் பிராக்கெட் நழுவவும் இடம் தரும்.

தகடு பூட்டியும் கீச்சொலி முற்றும் ஒழியவில்லை. எனக்கும் மாமாவுக்கும் மனம் சோர்ந்தது. முதியவர் மட்டும் இதை எதிர்பார்த்தவர்போல் மீண்டும் சட்டத்தை வைத்தார். இம்முறை பம்பு புல்லியின் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் இடைவெளி வெவ்வேறாக இருந்தது, 140 மி.மீ. விட்டமுள்ள புல்லியில் 2 மி.மீ. வேறுபாடு. புல்லி விலகி நிற்றல் வேறு, சாய்ந்து நிற்றல் வேறு. விலகலைத் தகடு தீர்த்தது. சாய்வு இருந்தபடியே இருந்தது.

பிராக்கெட்டைக் கழற்றினோம். தகட்டின்மீது நீலச் சாயத்தை மெல்லத் தடவி, பிராக்கெட்டை வைத்து அழுத்தி எடுத்தார். முதுகு முழுவதும் நீலம் ஒட்டுதல் முறை. ஒட்டியதோ கீழ்க்காதின் ஓரத்தில் பாக்களவுள்ள ஒரே இடத்தில். பெயின்டைச் சுரண்டிப் பார்க்க, எவரோ முன்னொரு காலத்தில் விரிசலுக்கு இட்ட வெல்டிங் மேடு ஒன்று ஏறக்குறைய ஒன்றரை மி.மீ. உயர்ந்திருந்தது. (இப்பிராக்கெட் எஃகுத் தகட்டாற் செய்தது, ஆகலின் அவ்வெல்டிங் நின்றது.) அதனை அரத்தால் அராவி, மீண்டும் நீலம் தடவி, மீண்டும் அராவி, ஐந்தாம் முறை முதுகு முழுவதும் நீலம் படியக் கண்டோம். அரத்தை யானே பிடித்தேன். இரண்டு மணிநேரம் ஆயிற்று. மேடு நீங்கியமையால் புல்லி முக்கால் மி.மீ. அளவு உள்வாங்கிற்று, அது பொறுக்கும் அளவினது. சாய்வை முன்னர்த் தீர்த்துப் பின்னரே விலகலை அளந்திருத்தல் வேண்டும் என்பதை அப்போது உணர்ந்தோம். முதியவரும் அதனை ஒப்புக்கொண்டார்.

எஞ்சியவற்றைச் சுருங்கச் சொல்வேன். தகட்டின் கனம் 7 மி.மீ. ஆயின் போல்ட்டும் 7 மி.மீ. நீளம் மிகுந்திருத்தல் வேண்டும். இதனை மறந்து பழைய போல்ட்டையே இட்டால் நுனி மரைகள் மட்டுமே பற்றும். வார்ப்பிரும்பினுள் போல்ட்டு தன் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஆழமேனும் இறங்குதல் நன்று. பத்து மி.மீ. போல்ட்டுக்குப் பதினைந்து. பம்பு 7 மி.மீ. நகர்ந்ததால் எண்ணெய்க் குழாய்களும் நகர்ந்தன. அழுத்தக் குழாய் புகைபோக்கிக் குழாயை ஏறக்குறையத் தொட்டுக்கொண்டிருந்தது. அவ்வாறே விட்டிருந்தால் ரப்பர் கருகி, எண்ணெய் சுடு இரும்பின்மேற் சிந்தித் தீப்பற்றுதல் கூடும். குழாயைத் திருப்பிக் கிளிப்பிட்டு விலக்கினோம். அழுத்தக் குழாயிற் கசிவைக் கையால் தடவித் தேடலாகாது. ஊசித்துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்புகும். வெளியே சிறு புள்ளியே தெரியினும் அக்காயம் மிகக் கொடியது. அட்டைத் துண்டொன்றை நீட்டிப் பார்ப்பதே முறை.

பெல்ட்டின் இழுப்பிற்கு முதியவர் கூறிய கணக்கு, நடுவில் கட்டைவிரலால் அழுத்த, ஓரடி நீளத்திற்கு ஏறக்குறைய 5 மி.மீ. தாழ்தல். முன்னர் எங்கள் பெல்ட்டு வீணையின் நரம்புபோல் இருந்தது. அதனாலேயே பம்பின் பேரிங் சுட்டது. பிறகு முன்சக்கரங்களை ஜாக்கியால் தூக்கி, எண்ணெய் நிரப்பி, எஞ்சினை இயக்காமலே ஸ்டியரிங்கை இக்கோடியிலிருந்து அக்கோடிவரை பலமுறை மெல்லத் திருப்பினோம். தொட்டியிற் குமிழிகள் வந்தன. எண்ணெய் குறையக் குறைய ஊற்றினேன். பின்னர் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டுத் திருப்பியபோது எண்ணெய் மோர்போல் வெளுத்தது. காற்று இன்னும் உள்ளது என்பதற்கு அஃது அறிகுறி. சற்று நிறுத்தி அடங்கவிட்டு மீண்டும் செய்ய, நான்காம் முறை தெளிந்தது. கோடியில் ஒடித்தபடியே நெடுநேரம் பிடித்தல் கூடாது என்று மாமாவுக்கு அவர் எச்சரித்தார். அப்போது எண்ணெய் செல்ல வழியின்றி, அழுத்தம் விடுக்கும் வால்வு திறந்து, பம்பு தன் எண்ணெயையே சுற்றிச்சுற்றிக் காய்ச்சும்.

மறுநாள் விடியற்காலை கல் ஏற்றிக்கொண்டு வடலூர் வழியே புறப்பட்டோம். ஆர்ச் கேட் வளைவில் மாமா வேகத்தை வேண்டியதற்கு மேலும் குறைத்தார். யான் கதவின் கைப்பிடியைப் பற்றியிருந்தேன். வண்டி ஓசையின்றித் திரும்பிற்று. மூன்றாம் நாள் புதிய பெல்ட்டு சிறிது நீண்டு தளர்ந்தது. அது புதிய பெல்ட்டின் இயல்பு. மீண்டும் இழுத்துக் கட்டி, மூன்று போல்ட்டுகளின் தலைகளிலும் பிராக்கெட்டிலும் சேர்த்து வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு இழுத்தோம். போல்ட்டு இம்மியளவு திரும்பினும் கோடு முறியும். நடை முடிந்து வரும்போதெல்லாம் மாமா பானெட்டைத் திறந்து அக்கோட்டைப் பார்த்துவிட்டே வீட்டினுள் வருகின்றார். அத்தை ஏன் என்று கேட்டால், தண்ணீர் பார்த்தேன் என்கின்றார்.